காஞ்சுதான்னு தொட்டுப் பார்க்காதீங்க

பிப்ரவரி 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்க நானும் உங்க அக்காவும் நல்லா இருக்கோம், என் மூச்சுக்குழாயைத் தவிர. அங்க நீங்களும் உங்க இடுப்பு வலியும் எப்படி? வீட்டுக்கு எழுதாம ஒர்க்‌ஷாப் விலாசத்துக்கு எழுதறானேன்னு பார்ப்பீங்க. வீட்டுக்கு எழுதினா உங்க வீட்டம்மா கையிலதான் போய்ச் சேரும். போன் பண்ணாலும் அவதான் எடுக்கறா. என் குரலைக் கேட்டதும் வெச்சிடறா. ரெண்டு வருஷமா எனக்கும் என் தங்கச்சிக்கும் நடுவுல நடக்கிற பேச்சுவார்த்தை அந்த ரிசீவர் வைக்கிற சத்தம் மட்டும்தான்.

விஷயத்துக்கு வர்றேன். இருபத்தாறு வருஷமா பல் செட் பண்ற லேப்ல மாவுத் தூசி, சாயங்காலம் வீட்டுக்கு வந்தா மாடல் காருக்கு அடிக்கிற பெயின்ட். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துட்டு, இனிமே ஸ்பிரே பெயின்ட் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்கக் கூடாதுன்னுட்டார். உங்க அக்கா உடனே என் ஸ்பிரே துப்பாக்கியை எடுத்து பீரோவுல வெச்சுப் பூட்டிட்டா.

செப்டம்பர்ல எங்க மாடல் கிளப் போட்டி. அஞ்சு வருஷமா கோப்பையை அந்த ரிட்டயர்ட் கணக்கு வாத்தியாரே தூக்கிட்டுப் போறார். இந்தத் தடவை என்கிட்ட ஐம்பத்தொன்பதாம் வருஷத்து கேடிலாக் கிட் இருக்கு, பாகம் பாகமா வர்ற பிளாஸ்டிக் கார். பின்னாடி மீனுக்கு இருக்கிற மாதிரி ரெண்டு பெரிய துடுப்பு வெச்ச, கூரையைத் திறந்து விட்ட அமெரிக்கக் கார். நிஜக் காரை இருபத்தஞ்சா வகுத்து ஒரு பங்கு எடுத்தா என்ன சைஸோ அந்த சைஸ், ஒன்பது இஞ்ச். எஞ்சின், சேஸிஸ் எல்லாம் நானே பார்த்துக்குவேன். பாடியை மட்டும் உங்களுக்கு அனுப்பறேன். உங்க ஒர்க்‌ஷாப்ல கம்ப்ரசர் இருக்கு, பெயின்ட் அடிக்க ஷெட் இருக்கு. ரோஸ் கலர்ல அடிச்சுத் தரணும்.

தங்கச்சிகிட்ட சொல்ல வேணாம். அவ பேசினா என்ன, பேசாட்டி என்ன, எனக்கு ஒண்ணும் குடி முழுகிடலை. அன்னைக்கு என் கறுப்பு மாடல் கார் கூரையில பெயின்ட் ஈரமா இருக்கும்போது கட்டை விரலை வெச்சு அழுத்தினா, நான் ரெண்டு வார்த்தை சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது. அவளுக்குக் கணுக்கால் வீங்கினது வத்திடுச்சா? சும்மா கேட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

பிப்ரவரி 16

மச்சானுக்கு வணக்கம்.

நாங்க சுகம். இடுப்பு இருக்கு, வலியும் கூடவே இருக்கு. லெட்டரைப் படிச்சேன். லாரிக்கு அடிக்கிற கைக்கு இந்த ஒன்பது இஞ்ச் ஒரு வேலையா? அனுப்புங்க, ஒரு மத்தியானத்துல முடிச்சிடலாம்.

ஒரே ஒரு திருத்தம். நீங்க சொன்னது ரெண்டு வார்த்தை இல்ல. நானும் அங்கதான் தட்டைக் கையில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். உங்க பெரியம்மா வீட்டு ஆளுங்க பதினோரு பேரும் இருந்தாங்க. முதல்ல, “கண்ணு ரெண்டு இருக்கு, மூக்கு ஒண்ணு இருக்கு, விரல்தான் கேக்குதா உனக்கு?”ன்னு ஆரம்பிச்சீங்க. அது வரைக்கும்கூடப் பரவாயில்ல, எல்லாரும் சிரிச்சாங்க, அவளும் சிரிச்சா. அப்புறம், “தொட்டதெல்லாம் கெடுக்கறதுக்குன்னே பொறந்திருக்கே”ன்னீங்க. அதுக்கு யாரும் சிரிக்கல.

கணுக்கால் வத்திடுச்சு. நீங்க கேட்டீங்கன்னு சொல்லல.

இப்படிக்கு,
மாப்பிள்ளை

மார்ச் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சுகம், சுகமே இருக்க வேண்டும். நீங்க எழுதினதைப் படிச்சு ரெண்டு நாள் பதில் எழுதத் தோணலை. அப்படியா சொன்னேன்? சொல்லியிருப்பேன். உங்க அக்காவும் அப்படித்தான்னு சொல்றா. சரி, விடுங்க.

பாடியையும், தனித்தனியா வர்ற எஞ்சினை மூடற பானட், பின்பக்க மூடி, சீட், தரை எல்லாத்தையும் பஞ்சுல சுத்தி இதோட அனுப்பியிருக்கேன். கூட ஒரு பேப்பர்ல பதினேழு குறிப்பு எழுதியிருக்கேன். ஒண்ணு விடாம படிங்க. கிட்ல ஒரு நட்டுகூட மாத்தக் கூடாது. கம்பெனியை விட்டு வெளிய வந்த அன்னைக்கு எப்படி இருந்ததோ, அப்படியே இருக்கணும். நான் அந்தக் கட்சி.

பதினேழாவது குறிப்புதான் உயிர். பெயின்ட் காஞ்சுதான்னு மூக்கால பாருங்க. வாசனை வந்தா காயலை. வாசனை நின்னா காஞ்சாச்சு. எந்தக் காரணத்துக்காகவும் விரலால தொட்டுப் பார்க்காதீங்க.

உங்க அக்கா கேக்கச் சொன்னா: கண்ணாடிக் கடையில உங்க வீட்டம்மாவுக்கு இன்னும் அதே வேலைதானா, நாள் முழுக்க மூக்குக் கண்ணாடிக்குக் குட்டி ஸ்க்ரூ முடுக்கிக் கண்ணு போகுதேன்னு. கேட்டது உங்க அக்கா. நான் இல்ல.

இப்படிக்கு,
மச்சான்

ஏப்ரல் 20

மச்சானுக்கு,

எல்லாரும் சுகம். வேலை நடந்துக்கிட்டு இருக்கு. ஒர்க்‌ஷாப்ல லாரி ஜாஸ்தி, அதான் ஏழு வாரமா எழுத முடியல.

ஒரு சந்தேகம். சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். பிளாஸ்டிக் கொஞ்சமா சுருங்கினா, அதாவது முதுகுப் பக்கம் மட்டும், அதுக்கு மருந்து ஏதாவது உண்டா?

இப்படிக்கு,
மாப்பிள்ளை

ஏப்ரல் 25

மாப்பிள்ளை,

நலமெல்லாம் அப்புறம் விசாரிச்சுக்கலாம். பேச்சுக்குன்னா எந்தப் பேச்சுக்கு? எந்த முதுகு? பதினோராவது குறிப்பைப் படிச்சீங்களா? “லாரிக்குக் கலக்கற தின்னர் கூடவே கூடாது, பிளாஸ்டிக்கைத் தின்னுடும்”னு சிவப்பு மையில எழுதி அடிக்கோடு போட்டிருந்தேனே? இந்த கிட்டை இப்ப யாரும் போடறதில்ல. இதுக்காக நான் ஒன்பது வருஷம் காத்துக்கிட்டு இருந்தேன்.

நேத்து கணக்கு வாத்தியாரைக் கிளப்ல பார்த்தேன். “இந்த வருஷம் உங்க காருக்கு யார் பெயின்ட்?”னு கேட்டார். “எங்க மாப்பிள்ளை, பெரிய கைகாரர்”னு பெருமையா சொல்லிட்டு வந்திருக்கேன். உடனே பதில் போடுங்க. சாப்பாடு இறங்க மாட்டேங்குது.

மச்சான்

மே 30

மச்சானுக்கு அநேக வணக்கம்.

நாங்க சுகம். சாப்பிடுங்க. மாதிரிக்கு பின்பக்க மூடி ஒண்ணு அனுப்பியிருக்கேன், பார்த்துக்குங்க. பழைய பரப்பை நானூறு நம்பர் உப்புத்தாள் பேப்பர்ல மட்டம் பண்ணி, பள்ளத்துக்குப் பட்டி வெச்சு, பிரைமர் ரெண்டு கோட் குடுத்து, கலர் அஞ்சு மெல்லிசு கோட். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல ரெண்டாயிரம் நம்பர் பேப்பரைத் தண்ணியில நனைச்சு, வட்டமா தேய்க்காம, கார் காத்தைக் கிழிச்சுக்கிட்டு ஓடுமே, அந்தப் போக்குலயே தேய்ச்சது.

இன்னும் ஒண்ணு. நீங்க அனுப்பின கலர் சீட்டுல இருக்கிற ரோஸ் தப்பாம். அந்த வருஷத்து ரோஸ்ல கொஞ்சம் ஆரஞ்சு கலந்திருக்குமாம். படம் பார்த்து ஒத்துப் பார்த்தாச்சு.

இப்படிக்கு,
மாப்பிள்ளை

ஜூன் 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்க சுகம். மூடி கிடைச்சுது. அதை மேஜை மேல வெச்சுட்டு நாற்காலியில உட்கார்ந்தவன் ஒரு மணி நேரம் எழுந்திரிக்கல. என் முகம் அதுல தெரியுது, மூக்குக் கண்ணாடியோட. முப்பது வருஷத்துல நான் இப்படி ஒரு பெயின்ட் அடிச்சதில்ல. கலரும் சரி. நான்தான் தப்பு.

இப்ப சில கேள்வி. உங்களை நான் பதினெட்டு வருஷமா பார்க்கிறேன். உங்க வீட்டுக் கதவுக்கே நீங்க ரெண்டு கோட் அடிச்சதில்ல. “காத்தைக் கிழிச்சுக்கிட்டு”ன்னெல்லாம் எழுதற ஆளும் நீங்க இல்ல. “தப்பாம்”, “இருக்குமாம்”னு எழுதியிருக்கீங்களே, அந்த “ஆம்” யாரு?

ரெண்டாவது, மூடியை மோந்து பார்த்தேன். காஞ்சு போச்சு, ஆனா உள்பக்கம் ஓரத்துல லேசா வாசனை. அது லாரி பெயின்ட் வாசனை இல்ல. நெயில் பாலிஷ். உங்க ஒர்க்‌ஷாப்ல யாரு மாப்பிள்ளை நகத்துக்கு ரோஸ் கலர் போட்டுக்கறது?

மூணாவது, மூடியோட பூட்டு இருக்க வேண்டிய இடத்துல ஒரு ஸ்க்ரூ உட்கார்ந்திருக்கு. நெல்லை நாலா உடைச்சா அந்த சைஸ். கிட்ல அது கிடையாது. லாரியிலயும் கிடையாது. ஒரு நட்டுகூட மாத்தக் கூடாதுன்னு சொன்னேன். ஆனா நல்லாத்தான் இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்.

மச்சான்

ஜூலை 28

மச்சானுக்கு,

சுகம். நீங்க ஏன் போலீஸ்ல சேராம பல் செட் பண்ணப் போனீங்கன்னு தெரியல. ஒர்க்‌ஷாப்புக்குப் புதுசா ஒரு பெயின்டர் வந்திருக்கார். அவர் வேலைதான் எல்லாம். அவருக்கு நெயில் பாலிஷ்லதான் கை ஓடும். ஒரே கடையில பதினாலு பாட்டில் வாங்கப் போனது நான். கிரீஸ் கையோட நின்னேன். கடைக்காரர் என் நகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒண்ணும் கேக்காம பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அந்தத் தெருவுக்கு இனிமே நான் போறதா இல்ல.

பெயின்டர் ஒரு நிபந்தனை போடறா. தப்பு, போடறார். சீட்டுக்கும் தரைக்கும் அவர் இஷ்டப்படிதான் செய்வாராம். உங்க பதினேழு குறிப்பையும் படிச்சுட்டு, ஆறாவதும் பன்னிரண்டாவதும் ஒண்ணுக்கொண்ணு இடிக்குதுன்னு சொன்னார். நானும் பார்த்தேன், இடிக்குது.

ஆகஸ்ட் முதல் வாரத்துல முழு பாடியும் வரும். கடைசியா பளபளப்புக் கோட் அடிச்சு, அட்டைப்பெட்டி கவுத்து மூடி வெச்சிருக்கு. அஞ்சு நாள் யாரும் கிட்டப் போகக் கூடாதுன்னு உத்தரவு.

இப்படிக்கு,
மாப்பிள்ளை

ஆகஸ்ட் 10

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எல்லாரும் சுகம். கார் வந்துடுச்சு. பஞ்சை எடுக்கும்போதே உங்க அக்கா, “ஐயோ, எவ்வளவு அழகு”ன்னுட்டா. அவ என் காரைப் பார்த்து அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. தரைக்கு மூக்குக் கண்ணாடி துடைக்கிற மெத்து மெத்துன்னு இருக்கிற துணி. ஹெட்லைட்டுக்கு வெட்டின லென்ஸ் துண்டு. சுண்டு விரல் நகத்துல பாதி சைஸ்ல நிஜக் கண்ணாடியில பின்னாடி பார்க்கிற கண்ணாடி. ஒரு புதுப் பெயின்டருக்கு மூக்குக் கண்ணாடிக் கடை சாமான் எங்கேருந்து கிடைக்குதுன்னு நான் கேக்கல.

ஆனா பானட்டுக்கு நடுவுல, பளபளப்புக் கோட்ல, ஒரு கட்டை விரல் ரேகை.

 உடனே லேப்லேருந்து பெரிய பூதக்கண்ணாடியைக் கொண்டு வந்தேன். ஷோகேஸ்ல இருந்த கறுப்புக் காரை வெளிய எடுத்தேன். ஆமா, அந்தக் கறுப்புக் கார்தான். கூரையில அவ ரேகையோட அது இன்னும் அப்படியே இருக்கு. தேய்க்க நேரமில்லைன்னு உங்க அக்காகிட்ட ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கேன். நேரமெல்லாம் இருந்தது. அவ ரிசீவரை வைக்க வைக்க, எனக்கு அதைத் தேய்க்க மனசு வரலை.

ரெண்டு ரேகையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு மூணு மணி நேரம் பார்த்தேன். அதே சுழி. சந்தேகமே இல்ல. புதுசு கொஞ்சம் பெருசா இருக்கு. ரெண்டு வருஷத்துல கொஞ்சம் குண்டாயிட்டா போல. நடுவுல குறுக்கே ஒரு வெட்டுக் கோடு இருக்கு, கடையில ஸ்க்ரூ டிரைவர் குத்தியிருக்கும். பார்த்து வேலை செய்யச் சொல்லுங்க.

அவ வேணும்னேதான் வெச்சிருக்கான்னு எனக்குப் புரிஞ்சுது. “இப்ப என்ன சொல்றே, சொல்லு”ன்னு கேக்கறா. சொல்றேன், இதை அவகிட்ட படிச்சுக் காட்டுங்க. நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. பதினோரு பேருக்கு முன்னாடி சொன்னது அதைவிடத் தப்பு. தொட்டதையெல்லாம் கெடுக்கறவ இல்ல நீ. இந்தக் காரைத் தொட்டதாலதான் இது காராச்சு.

ரேகையைத் தேய்க்க அரை மணி நேரம் போதும். தேய்க்க மாட்டேன். அப்படியே போட்டியில வைக்கப் போறேன்.

அண்ணன்தான் எழுதறேன்.

ஆகஸ்ட் 19

மச்சானுக்கு,

படிச்சுக் காட்டினேன். கேட்டுட்டு உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. அரை மணி நேரம் கழிச்சு வந்து லெட்டரை வாங்கிட்டுப் போனா. அப்புறம் மறுபடி வெளிய வந்து, “ரேகையா? என்ன ரேகை?”ன்னு கேட்டா.

மச்சான், அந்த ரேகையைத் தயவு பண்ணித் தேய்ச்சிடுங்க. காரணம் கேக்காதீங்க. அரை மணி நேர வேலைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. நான் இப்ப ஒர்க்‌ஷாப்லயே சாப்பிட்டுக்கறேன். மத்தபடி சுகம்.

மாப்பிள்ளை

செப்டம்பர் 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சுகம். நேத்து லைப்ரரி ஹால்ல போட்டி. நான் தேய்க்கல. சொன்னா சொன்னதுதான்.

நடுவர் நம்ம காரைச் சுத்திச் சுத்தி வந்தார். தரையில முழங்கால் போட்டு உட்கார்ந்து அந்தக் குட்டிக் கண்ணாடியில தன் கண்ணைப் பார்த்துக்கிட்டார். அப்புறம் பானட்டைப் பார்த்துட்டு என் தோளைத் தொட்டு, “ஐயா, இதைத் தேய்ச்சிருந்தா போயிருக்குமே, நேரமில்லையா?”ன்னார். “தெரியும், இருக்கட்டும்”னேன். ரெண்டு மார்க் குறைச்சார். கணக்கு வாத்தியார் ஒரு மார்க்ல ஜெயிச்சார். வித்தியாசத்தை அவரே ரெண்டு தடவை கழிச்சுப் பார்த்து என்கிட்ட சொல்லிட்டுப் போனார்.

கார் முன்னாடி வெச்ச அட்டையில எழுதியிருந்தேன்: “எஞ்சின், சேஸிஸ்: நான். பாடி, பெயின்ட், சீட், மத்த எல்லா அழகும்: என் தங்கச்சி.” கணக்கு வாத்தியார் அதைப் படிச்சுட்டு, உங்க தங்கச்சி வெளி வேலை எடுப்பாங்களான்னு கேட்டார். எடுக்க மாட்டான்னு சொல்லிட்டேன்.

கோப்பை போனா போகட்டும். அவளை ஒரு வார்த்தை எழுதச் சொல்லுங்க. திட்டியாவது.

மச்சான்

செப்டம்பர் 22

அண்ணா,

நல்லா இருக்கியா? மூச்சு எப்படி இருக்கு? மாத்திரையை நேரத்துக்குப் போடறியா, இல்ல அண்ணிக்கு டிமிக்கி குடுக்கறியா?

திட்டச் சொல்லியிருக்கே. திட்டறேன். முதல்ல, நான் குண்டாகல. ரெண்டாவது, என்னை எந்த ஸ்க்ரூ டிரைவரும் குத்தல. மூணாவது, மூணு மணி நேரம் பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்தியே, உன்னைப் போய் யாராவது பல் அளவு எடுக்க விடுவாங்களா? பானட்ல இருக்கிறது என் ரேகை இல்ல. உன் மாப்பிள்ளை ரேகை. குறுக்கே இருக்கிற கோடு போன வருஷம் எஞ்சின் விசிறி வெட்டினது. அஞ்சு நாள் கிட்டப் போகாதீங்கன்னு சொல்லிட்டு நான் கடைக்குப் போனேன். ரெண்டாவது நாளே மனுஷன் பெட்டியைத் தூக்கி, காஞ்சுதான்னு தொட்டுப் பார்த்திருக்கார். அப்புறம் மூச்சு விடாம அவரே பேக் பண்ணி அனுப்பிட்டார்.

எல்லாத்தையும் சொல்லிடறேன். இவர் பதினேழு குறிப்புல ஒன்பது வரைக்கும் படிச்சுட்டு லாரி தின்னரை ஊத்திட்டார். கார் முதுகு சுருங்கிப் போச்சு. அதைச் சாப்பாட்டுப் பையில ஒளிச்சு வீட்டுக்கு எடுத்துட்டு வந்து, சமையக்கட்டுல நின்னு முழிச்சார். அழுதுடுவார் போல இருந்தது. அதான் வாங்கிச் செஞ்சேன். உனக்காகச் செய்யலைன்னு அன்னைக்கு நினைச்சேன். ரெண்டாயிரம் நம்பர் பேப்பர் தேய்க்கும்போதெல்லாம் உன்கூடப் பேசிக்கிட்டேதான் தேய்ச்சேன். பாதி திட்டு, பாதி வேற.

உன் லெட்டர்ல ரேகைன்னு கேட்டதும் எனக்குக் கோபம் எங்கேருந்துதான் வந்ததோ. மூணு மாசம் வேலை அண்ணா. சனி ஞாயிறு பார்க்காம. இவரைக் கூப்பிட்டு நிக்க வெச்சு, “கண்ணு ரெண்டு இருக்கு, மூக்கு ஒண்ணு இருக்கு, விரல்தான் கேக்குதா?”ன்னு ஆரம்பிச்சேன். உன் குரல், உன் கை ஆட்டற மாதிரி, எல்லாம் அப்படியே வந்தது. “தொட்டதெல்லாம்”னு வாயைத் திறந்துட்டேன். அப்ப இவர் முகத்தைப் பார்த்தேன். அன்னைக்கு நான் எப்படி நின்னேனோ அப்படியே நின்னுக்கிட்டு இருந்தார். அதுக்கு மேல வரலை. உள்ள போய் உன் லெட்டரை இன்னொரு தடவை படிச்சேன்.

இவர் ரேகைக்காகக் கோப்பையை விட்டுக் குடுத்துட்டு வந்து நிக்கறியே, உன்னை என்ன சொல்றது? ஆனா உனக்கு அது தெரியாது இல்ல. என் ரேகைன்னு நினைச்சுத்தானே விட்டே.

இனிமே லெட்டர் வேணாம், போன் பண்ணு. நான்தான் எடுப்பேன். சனிக்கிழமை ரெண்டு பேரும் வர்றோம். ரோஸ் காரை எடுத்து வை, ரேகையைத் தேய்ச்சிடலாம். இவர் மானம் போகுதுன்னு புலம்பறார். கணக்கு வாத்தியாருக்கு அடுத்த வருஷம் இருக்கு. குறிப்பு எழுதற வேலை மட்டும் இனிமே என்னோடது.

கறுப்புக் காரை யாரும் தொட வேணாம். அது அப்படியே இருக்கட்டும்.

உன் தங்கச்சி